திரும்பி வந்த நாவாய்கள்

கடல்மேற் சென்றவர்களைப் பாடிய புலவர் பலர். கரை திரும்பியவர்களைப் பாடியவர் சிலரே. புறப்பாட்டில் முரசு உண்டு, கொடி உண்டு, துறையில் நின்று வாழ்த்தும் சுற்றம் உண்டு. மீட்சியிலோ நோயும் கடனும் இழப்புக் கணக்குமே பெரும்பாலும் உண்டு. அதனாற்றான் போலும், நாடு பிடிக்கச் சென்ற இனத்தாரின் இலக்கியங்களிற் புறப்பாடு பெருங்காண்டமாக விரிய, மீட்சி சில அடிகளில் முடிந்துவிடுகிறது. இவ்வழக்கத்தை மாற்றி, மீட்சி ஒன்றையே பொருளாகக் கொண்டு எழுந்த போர்த்துக்கீசிய நாவல் ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்த்துக்கீசியர் கதை நமக்கு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சன்னல், சாவி, அலமாரி, மேசை என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. தமிழ் மொழியை முதன்முதலில் அச்சிற் கொணர்ந்த நூல், ரோமன் எழுத்துகளிலேனும், 1554இல் அவர்கள் தலைநகராகிய லிஸ்பனிலேயே வெளிவந்தது. 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியைத் தனிநாயக அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்ததை நம் ஆசிரியர்கள் அறிவர். மேலும், 1511 முதல் 1641 வரை மலாக்கா அவர்கள் ஆட்சியில் இருந்தது. எனவே, அவர்கள் வந்த கதையில் நமக்குப் பங்கு உண்டு. அவர்கள் திரும்பிய கதையையும் நாம் அறிதல் தகும்.

காப்பியம் மறைத்த மீட்சி

நாவலை அறிவதற்கு முன் காப்பியத்தை அறிய வேண்டும். லூயிஸ் ட கமோயிஷ் இயற்றிய 'லூசியாதாஷ்' 1572இல் அச்சேறியது. பத்துக் காண்டங்கள் கொண்ட இந்நூல் போர்த்துக்கீசியரின் தேசியக் காப்பியம். வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த பயணமே அதன் பொருள். அதன் இறுதிக் காண்டத்தில், வருங்காலத்தில் போர்த்துக்கீசியர் செல்லவிருக்கும் இடங்களை ஒரு கடல் தெய்வம் காமாவுக்குக் காட்டுகிறாள். மயிலாப்பூர் அங்கே பேசப்படுகிறது; மலாக்கா பேசப்படுகிறது; கப்பல்களின் வழி ஒடுங்கும் நிலமுனையாகச் சிங்கப்பூரும் பேசப்படுகிறது. நாம் வாழும் கடற்புறம் ஐரோப்பியக் காப்பியம் ஒன்றில் இடம் பெற்ற வரலாறு இது.

அத்தெய்வத்தைக் காமா காண்பது எங்கே? நாடு திரும்பும் வழியில். வீரர்களின் களைப்புத் தீரக் காதற் கடவுள் நடுக்கடலில் ஒரு தீவைப் படைத்து வைக்கிறாள். அருவியும் சோலையும் கனியும் நிறைந்த அத்தீவில் கடற்கன்னியர் அவர்களை வரவேற்று விருந்திடுகின்றனர். விருந்து முடிந்ததும் கப்பல்கள் அமைதியாகத் தாயக ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்துவிடுகின்றன. காப்பியம் காட்டும் மீட்சி இவ்வளவே.

வரலாறு காட்டுவது வேறு. கிழக்காப்பிரிக்க மலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வரக் காமாவுக்கு ஏறத்தாழ 23 நாள்களே ஆயின. பருவக்காற்றின் இயல்பை மதியாமல் திரும்பியதால், அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. ஈறு வீங்கி அழுகும் நோயால் மாலுமிகள் கூட்டமாக மடிந்தனர். எஞ்சியவர் மூன்று கப்பல்களைச் செலுத்தப் போதாமையால், ஒரு கப்பலைத் தாமே எரித்துவிட்டனர். காமாவின் உடன்பிறந்தார் பாவுலோ அசோர் தீவில் இறந்தார். சென்றவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே 1499இல் நாடு திரும்பினர். பிணங்களைக் கடலில் இட்ட அந்த மாதங்களைத்தான் கவிஞர் காதற் தீவாக மாற்றினார்.

இதனைப் பொய் என்று தள்ளுதல் பொருந்தாது. காப்பியத்திற்கு அதற்குரிய மரபு உண்டு. மேலும், கமோயிஷ் துன்பம் அறியாதவர் அல்லர். புறப்படும் நாளில் கரையில் நிற்கும் முதியவர் ஒருவர் இப்பயணத்தையே கடிந்து பேசுவதாக நான்காம் காண்டத்தை முடிக்கும் துணிவு அவருக்கு இருந்தது. அவர் தாமும் கீழ்த்திசையிற் பல ஆண்டுகள் அலைந்து, திரும்பும் வழியில் மொசாம்பிக்கில் வறுமையால் தங்கிக் கிடந்து, நண்பர் உதவியால் 1570இல் லிஸ்பனை அடைந்தவர். சிறியதோர் அரச உதவித்தொகை பெற்று 1580இல் மறைந்தார். தம் காப்பியத் தலைவனுக்கு அவர் அளித்த வரவேற்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

கடல் விழுங்கிய மீட்சி

காப்பியம் மறைத்ததை உரைநடை மறைக்கவில்லை. போர்த்துக்கீசிய மொழியில் கப்பற்சேதக் கதைகள் என்று ஒரு தனி இலக்கிய வகையே உண்டு. மலிவான சிறு நூல்களாக விற்கப்பட்ட அவற்றுட் பலவற்றைத் தொகுத்து, 1735, 1736ஆம் ஆண்டுகளில் 'கடல் அவல வரலாறு' என்னும் பொருள்படும் தலைப்பில் பெர்னார்தோ கோமிஷ் ட பிரித்து வெளியிட்டார்.

அவற்றுள் புகழ் பெற்றது 'சாவ் ஜுவாவ்' என்னும் பெருங்கப்பலின் கதை. மனுவேல் ட சோசா செபுல்வேதா என்னும் படைத்தலைவர் தம் மனைவி லியோனோரையும் மக்களையும் அழைத்துக்கொண்டு 1552 பிப்ரவரியிற் கொச்சியிலிருந்து தாயகம் நோக்கிப் புறப்பட்டார். மிளகு ஏற்றுவதற்காகக் காத்திருந்ததில் பருவம் கடந்துவிட்டது. பாய்கள் பழையவை, சுமை மிகுதி. தென்னாப்பிரிக்காவின் நட்டால் கரையிற் கப்பல் உடைந்தது. கரையேறியவர் ஐந்நூற்றுவர் அளவினர். பல மாதங்கள் நடந்து உயிர் பிழைத்தவர் இருபத்தைந்து பேர் அளவே. ஆடை பறிபோன லியோனோர் மணலிற் குழி தோண்டி, தன் உடலை இடுப்பளவு புதைத்துக்கொண்டு, அவ்விடத்தை விட்டு எழாமலேயே இறந்ததாக அக்கதை கூறும். கணவர் அவளையும் குழந்தையையும் மணலிற் புதைத்துவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தார், மீளவில்லை.

மிளகு ஏற்றுவதில் இருந்த ஆசையே கப்பலை மூழ்கடித்தது என்பதை அக்கதை ஒளிக்காமற் சொல்கிறது. உடைமையை விடமாட்டாமையே உயிருக்கு இறுதியாகிறது. இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

பெட்டிகளின் ஆண்டு

1974 ஏப்ரல் 25இல் லிஸ்பனில் படையினர் நடத்திய புரட்சியால் நெடுநாளைய சர்வாதிகாரம் வீழ்ந்தது. ஆப்பிரிக்காவில் பதின்மூன்று ஆண்டுகளாக நடந்துவந்த போர்களும் ஓய்ந்தன. கினி-பிசாவின் விடுதலையைப் போர்த்துக்கல் 1974 செப்டம்பரில் ஏற்றது. மொசாம்பிக் 1975 ஜூன் 25இலும், அங்கோலா 1975 நவம்பர் 11இலும் விடுதலை பெற்றன. அங்கோலாவில் விடுதலை இயக்கங்களுக்குள்ளேயே போர் மூண்டது. அந்நாடுகளிற் குடியேறியிருந்த போர்த்துக்கீசியர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் தாயகம் புகுந்தனர்.

மக்களிற் பெரும்பாலோரை வானூர்திகள் சுமந்தன. எஞ்சியோரையும் உடைமைகளையும் கப்பல்கள் சுமந்தன. லிஸ்பனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே ஓடிய பெரும் பயணக் கப்பல் ஒன்றுக்கு, கடற்பயணங்களைத் தொடக்கிவைத்த இளவரசர் என்றிக்கின் பெயரையே சூட்டியிருந்தார்கள் என்பது நினைக்கத்தக்கது. லுவாண்டா நகரில் அப்போது தங்கியிருந்த போலந்து எழுத்தாளர் ரிசார்டு கபுஸ்சின்ஸ்கி, வீடுகளில் இருந்தவை யாவும் மரப்பெட்டிகளில் அடைபட்டதையும், கல்லால் ஆன நகரத்துக்குள் மரத்தால் ஆன மற்றொரு நகரம் எழுந்து பின் கடலேறிப் போனதையும் 1976இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார்.

அப்பெட்டிகள் லிஸ்பன் துறைமுகத்தில் வந்து குவிந்தன. அங்கே ஆற்றங்கரையில், கடலோடிகளின் நினைவுச்சின்னம் ஐம்பது மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கிறது. இளவரசர் என்றிக் இறந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாக 1960இல் கல்லில் எழுப்பப்பட்டது அது. கப்பல் முகப்புப் போன்ற அதன் மேல் காமாவும் கமோயிஷும் சவேரியாரும் கடலை நோக்கி நிற்கின்றனர். அதன் அருகே 1975இல் மீண்டோரின் மரப்பெட்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்ததை அல்பிரேது குன்யா எடுத்த புகைப்படங்கள் காட்டுகின்றன. கல்லிலே புறப்பாடு, அதன் காலடியில் மீட்சி.

இவ்வாறு வந்தவர்களுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் 'திரும்பியோர்' என்று பெயரிட்டனர். அவர்களுட் பலர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். போர்த்துக்கலை அதற்கு முன் கண்டறியாதவர்கள். சென்றிராத ஊருக்கு ஒருவர் எவ்வாறு 'திரும்ப' முடியும்? அப்பெயரையே அவர்களுள் பலர் இழிவாகக் கருதினர். இந்த ஒரு சொல்லின் பொருந்தாமையே, நாம் ஆராயும் நாவலின் விதை எனலாம்.

நாவலின் நெறி

அந்தோனியோ லோபோ அந்துனெஸ் 1942இல் லிஸ்பனிற் பிறந்தவர், மனநோய் மருத்துவர், 1971 முதல் 1973 வரை அங்கோலாப் போர்முனையில் படை மருத்துவராக இருந்தவர். அவர் 1988இல் வெளியிட்ட நாவலின் பெயர் 'அஸ் நாவுஸ்'. மரக்கலங்கள் என்பது பொருள். நம் 'நாவாய்' என்னும் சொல்லோடு அது ஒலியால் நெருங்கி நிற்றலின், 'நாவாய்கள்' என்றே இங்கு வழங்குவோம். கிரெகரி ரபாசா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2002இல் வெளிவந்தது. அதற்குக் 'கரவேல் கப்பல்களின் மீட்சி' என்னும் பொருளில் தலைப்பிட்டனர்.

நாவலின் உத்தி எளிதிற் சொல்லத்தக்கது, செய்தற்கு அரியது. 1975இல் ஆப்பிரிக்காவிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்குவோர் வேறு யாரும் அல்லர். காமா, காப்ரால், தியோகு காவ், செபுல்வேதா, சவேரியார், கமோயிஷ் ஆகியோரே. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் வீரர்கள், வரிசையில் நின்று பதிவு செய்துகொள்ளும் ஏழை அகதிகளாக வருகின்றனர். ஆற்றில் எண்ணெய்க் கப்பல்களின் பக்கத்திலேயே பழைய மரக்கலங்களும் நிற்கின்றன. நகரின் பெயரைக்கூட ஆசிரியர் பழைய எழுத்துக்கூட்டில் எழுதுகிறார். ஒரே வாக்கியத்துக்குள் இரு நூற்றாண்டுகள் கலக்கின்றன. 'அவன்' என்று தொடங்கும் தொடர் 'நான்' என்று முடிகிறது. படிப்போர் முதலில் தடுமாறுவர். நிலம் கால்களுக்கு உறுதியாக இல்லாதவர்களின் கதை அவ்வாறுதான் நடக்கும் என்பது சில பக்கங்களிற் புலனாகும்.

'லூயிஸ் என்னும் பெயருடைய ஆள்' என்றே நாவல் கமோயிஷைக் குறிப்பிடுகிறது. அவன் தன் தந்தையின் பிணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலில் வருகிறான். லிஸ்பனில் இறங்கியபின் அதனைப் புதைக்க இடமின்றி அலைகிறான். தந்தை என்பது தாயகமோ, பேரரசோ, பழம்புகழோ என்று நாம் பொருள் கொள்ளலாம். எதுவாயினும், அது இறந்துவிட்டது. ஆனால் அடக்கம் செய்யப்படவில்லை. காமா, பழைய அரசர் மனுவேலோடு சீட்டாடிப் பொழுது போக்குகிறார். செபுல்வேதா கேளிக்கை விடுதி ஒன்றின் முதலாளியாகிறார்.

சவேரியார் பெயரால் வருபவன் நடத்தும் தங்குவிடுதியிற் பெண்களின் உடலும் விலைபெறுகிறது. இவ்விடத்தில் நம் ஆசிரியர்களுட் சிலர் முகம் சுளிப்பர். முத்துக்குளித்துறையில் 1542 முதல் தொண்டாற்றி, 1545இல் மலாக்காவுக்கு வந்து, இறந்தபின் 1553இல் மலாக்காக் குன்றின்மேற் சில மாதம் உடல் அடக்கமாகியிருந்த அப்பெரியாரைத் தமிழ் மக்கள் இன்றும் போற்றுகின்றனர். நாவலாசிரியர் தாக்குவது அவரை அன்று. அவர் பெயரைப் பேரரசின் கேடயமாகப் பயன்படுத்திய பள்ளிப்பாட வரலாற்றை என்றே கொள்ளல் வேண்டும். ஆயினும், அந்த வேறுபாட்டைப் படிப்போருக்கு உணர்த்த அவர் போதிய முயற்சி செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வுத்தியின் ஆழம் வேறோர் உண்மையில் உள்ளது. இப்பாத்திரங்களுட் பலர் வரலாற்றில் உயிரோடு திரும்பாதவர்கள். காமா தம் மூன்றாம் பயணத்தில் 1524இல் கொச்சியில் இறந்தார். சவேரியார் 1552இல் சீனக் கடற்கரைத் தீவில் இறந்தார். செபுல்வேதா ஆப்பிரிக்கக் காட்டில் மறைந்தார். திரும்பாதவர்களைத் திரும்ப வரச்செய்கிறது நாவல். இடையில் மாண்டவர்க்குக் கல்லிற் சிலை எழுப்பலாம். உயிரோடு திரும்பினால் எங்கே குடிவைப்பது? இவ்வினாவே நாவலின் உயிர்நிலை. காப்பியம் பாடாது விட்ட மீட்சிக் காண்டத்தை நானூற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து லோபோ அந்துனெஸ் எழுதிச் சேர்த்தார் என்பது என் கருத்து. 2007இல் கமோயிஷ் பெயரால் அமைந்த பரிசே அவருக்கு வழங்கப்பட்டது, பொருத்தமான பரிசு.

முல்லையின் அளவுகோல்

மீட்சியை அளக்க நம் இலக்கியத்தில் ஓர் அளவுகோல் உண்டு. முல்லைத் திணையில் வினைமுடித்த தலைவன் தேரை விரைந்து செலுத்துகிறான். ஆற்றியிருக்கும் தலைவி வாயிலை நோக்குகிறாள். அங்கே மீட்சி என்பது ஒருவர் செயலன்று. வருபவரும் காத்திருப்பவரும் சேர்ந்தே அதனை நிறைவு செய்கின்றனர். காத்திருப்பவர் இல்லையேல் தேர் வந்து சேரலாம். தலைவன் மீண்டான் என்று சொல்ல இயலாது.

'நாவாய்க'ளில் கரையிற் காத்திருப்பவர் எவரும் இல்லை. காத்திருப்பது எழுத்தரின் மேசை மட்டுமே. கினியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்த முதிய கணவனும் மனைவியும் இந்நாவலில் வருகின்றனர். ஆசிரியர் அவர்களுக்குப் பெயர்கூடத் தரவில்லை. அங்கிருந்து புறப்படும்போதே அவர்களுக்கு அந்நாடு இல்லை. இங்கு இறங்கும்போது இந்நாடும் இல்லை. வரலாற்றுப் பெயர் தாங்கிய பாத்திரங்களைவிட இவ்விருவரே நம் நெஞ்சில் நிற்கின்றனர். உத்தியின் பளபளப்பு இல்லாத இடத்தில் ஆசிரியரின் உண்மையான ஆற்றல் வெளிப்படுகிறது.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதையும் இங்கு நினைவுக்கு வரும். கப்பல் உடைந்து நாகர் மலையிற் கரையொதுங்கிய சாதுவன், அவர்கள் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் தப்புகிறான். அவர்கள் தலைவனுக்கு அறம் உரைத்து, இனிக் கலம் உடைந்து வருவோரைக் கொல்லலாகாது என்று வேண்டுகிறான். அவர்கள் விரும்பித் தந்த பொருளோடு சந்திரதத்தனின் கலமேறி, ஆதிரை காத்திருக்கும் ஊருக்கு மீள்கிறான். மீட்சி நிறைவுபெற வேண்டுவன மூன்றும் இக்கதையில் உள்ளன: சென்ற நாட்டாரின் மொழியறிவு, பகை விட்டுப் பிரிதல், காத்திருக்கும் இல்லம். போர்த்துக்கீசிய நாவலில் இம்மூன்றும் இல்லை. இல்லாமையைக் காட்டுவதே அதன் நோக்கமாதலின், அது குறையன்று.

நாவலின் குறை

குறை வேறிடத்தில் இருக்கிறது. கப்பலில் வருவோரின் துன்பம் நாவலில் நிரம்ப உண்டு. கப்பல் விட்டு நீங்கிய கரையில் நின்றவர்களின் முகம் தெளிவாக இல்லை. ஆப்பிரிக்கர் இந்நூலில் நினைவாகவும் பின்புலமாகவும் வருகின்றனர். தம் குரலில் அரிதாகவே பேசுகின்றனர். பேரரசை இவ்வளவு கடுமையாக எள்ளும் நாவலிலும் பேசும் உரிமை பேரரசின் மக்களிடமே தங்கிவிடுகிறது. பெண் பாத்திரங்களுட் பலர் உடல் விற்போராகவே அமைக்கப்பட்டதும் அலுப்பூட்டுகிறது. அழுகலும் நாற்றமும் அடுக்கடுக்காக வரும்போது, சொல்ல வந்த துயரம் அவற்றின் கீழே மறைகிறது.

மறுபக்கக் குரல் வேறு நூல்களில் ஒலிக்கிறது. அங்கோலாவின் உவாம்போ நகரிற் பிறந்த ஜோசே எதுவார்தோ அகுவாலுசா 2012இல் எழுதிய 'மறதியின் பொதுக் கோட்பாடு' என்னும் நாவல், கப்பலேறாமல் தங்கிவிட்ட போர்த்துக்கீசியப் பெண் ஒருத்தியின் கதை. விடுதலை நாள் நெருங்குகையில் அவள் லுவாண்டாவில் தன் மாடிவீட்டின் வாயிலைச் சுவரெழுப்பி அடைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் உள்ளேயே வாழ்கிறாள். சுவரை உடைத்து அவளை வெளியே அழைப்பது ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனின் நட்பு. 'நாவாய்க'ளைப் படிப்போர் இதனையும் உடன் படித்தால், மீட்சிக்கு வேறு வழியும் இருந்தது என்பதை உணர்வர்.

இருப்பினும், 'நாவாய்க'ளின் முடிவு மறக்கற்பாலதன்று. போர்த்துக்கீசியரிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 1578 ஆகஸ்ட் 4இல் மொரோக்கோப் போரில் மாண்ட அரசர் செபஸ்தியாவ், பனி மூடிய ஒரு காலையில் கடல்வழி மீண்டு வந்து நாட்டை உய்விப்பார் என்பது அது. 'லூசியாதாஷ்' காப்பியம் படைக்கப்பட்டதும் அவ்வரசருக்கே. நாவலின் இறுதியில் லூயிசும் நெஞ்சுநோயாளர் சிலரும் கடற்கரையிற் கூடி, அவ்வரசரின் வெண்குதிரை அலைகளிடையே தோன்றும் என்று காத்திருக்கின்றனர். வெறுங்கடலே தெரிகிறது. மீண்டு வந்தவர்கள், மீளாத ஒருவருக்காகக் காத்திருக்கின்றனர். நூல் முழுதும் காத்திருப்பவர் இல்லையே என்று கண்டோம். இறுதியிற் காத்திருப்பவர் தோன்றுகின்றனர், வருபவர்தாம் இல்லை.

மலாக்காவில் நின்றவர்

இந்நாவல் நம் ஆசிரியர்களுக்கு ஒரு பணியைச் சுட்டுகிறது. காப்பியம் கற்பிக்கும்போது, வெற்றிப் பயணத்தை மட்டும் கற்பித்து நின்றுவிடல் ஆகாது. கப்பல் எவற்றைச் சுமந்து மீண்டது, எவரைக் கரையில் விட்டது என்று மாணவர் வினவப் பழக வேண்டும். எந்நாட்டுக் காப்பியத்துக்கும், நம் நாட்டினவற்றுக்கும், இது பொருந்தும். கடல் கடந்து வென்ற சோழர் புகழைச் சொல்லும் வகுப்பறையில், வெல்லப்பட்ட கடாரத்தின் கரையில் நின்றவர் யார் என்று ஒரு மாணவன் கேட்டானாயின், ஆசிரியர் மகிழ வேண்டும்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1641இல் மலாக்கா டச்சுக்காரர் வசமானபின் போர்த்துக்கீசியர் அனைவரும் கப்பலேறிப் போய்விடவில்லை. நின்றவர்கள் இந்நாட்டுப் பெண்களை மணந்து பெற்ற வழியினர், மலாய்ச் சொற்கள் கலந்த கிறிஸ்தாங் என்னும் மொழியைப் பேசி, மீன்பிடித்து வாழ்ந்தனர். மலாக்காவின் உஜோங் பாசிர் குடியிருப்பில் அவர்கள் வழித்தோன்றல்கள் உள்ளனர். அவர்களை எந்தக் கப்பலும் அழைத்துச் செல்ல வரவில்லை; வந்திருந்தாலும் அவர்களுக்குச் செல்ல ஊர் இல்லை. ஆளவந்தோரின் பெயரைத் தாங்கியும், ஆட்சி நீங்கியபின் இம்மண்ணின் எளிய குடிகளாகவே அவர்கள் நின்றனர்.

லிஸ்பன் துறையில் இறங்கிய பெட்டிகளில் மேசையும் அலமாரியும் இருந்திருக்கும். விட்டுவந்த வீடுகளின் சாவிகளும் சிலர் பைகளில் இருந்திருக்கும். திறக்க வீடில்லாத சாவியைப் போன்றதே காத்திருப்போர் இல்லாத தாயகம். ஆளச் சென்ற நாட்டிற் குடிமகனாக வாழக் கற்றிருந்தால், அவர்களுட் பலருக்கு அந்தப் பயணமே நேர்ந்திராது. நாவல் இதனை வெளிப்படச் சொல்லவில்லை. மலாக்காவை அறிந்த நாம் அதனைச் சேர்த்துப் படிக்கலாம்.